தும்பை விழவில்லை

திருநெல்வேலியில் ஒரு பேருந்துக் கம்பெனி. அதன் கம்ப்யூட்டருக்குள், புரோகிராம் எழுதும் நிரல்மொழிகள் இரண்டு வேலை பார்த்துவந்தன.

மூத்தவள் கதம்பம். பயணிகளுக்கு சீட் ஒதுக்குவது அவள் பொறுப்பு. இளையவள் தும்பை. டிரைவர்களுக்கு டூட்டி போடுவாள். எட்டு மணி நேரம் ஓய்வெடுக்காத டிரைவரின் பெயரை எந்த வண்டிக்கும் எழுத விடமாட்டாள்.

கதம்பம் வாரம் ஒருமுறை வேலை குழம்பி விழுவாள். ஒரே சீட்டுக்கு இரண்டு பேர் வந்து நிற்பார்கள். அறையிலிருக்கும் அத்தனை பேரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். டீ வரும், உளுந்துவடை வரும். எழுப்பி நிறுத்தியவருக்குக் கைதட்டல் கிடைக்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே அவளைக் கற்றுக்கொண்டார்கள். கம்பெனி விளம்பரத்தில் கதம்பம் தெரிந்தவர்களையே கேட்டது. ஊரில் படிக்கிறவர்களும் அதையே படித்தார்கள்.

தும்பை ஆறு வருஷமாக விழவில்லை. அவளை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. அவளை அறிந்தவள் அங்கே, அவளில் டூட்டிக் கணக்கை எழுதிவைத்த ஜெசிந்தா ஒருத்திதான்.

"ஏட்டி, இன்னைக்காவது ஒன்ன யாரும் கூப்பிட்டாங்களா?" என்பாள் கதம்பம்.

"எதுக்குக் கூப்பிடணும்? வேலைதான் நடக்கே."

"அதாம்ட்டி ஒனக்கு வினை."

ஜெசிந்தா வேலையை விட்டுப் போகும் நாள் வந்தது. மேனேஜர் கோமதிநாயகத்திடம் போய் நின்றாள்.

"சார், ரெண்டே நாள் குடுங்க. யாருக்காவது தும்பையச் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்."

"அது ஓடிக்கிட்டுத்தான இருக்கு? அதுல கத்துக்க என்னம்மா கெடக்கு? விழுந்தா பாத்துக்கிடலாம்."

அதற்குள் கதம்பம் விழுந்துவிட்டாள். எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். ஜெசிந்தா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

இனி தன்னை வாசிக்க இங்கே ஆளில்லை, இப்படியே போனால் ஒருநாள் அழித்துவிடுவார்கள் என்று தும்பைக்குப் புரிந்தது.

கதம்பத்துக்கே மனசு கேட்கவில்லை. "ஒரே ஒருதரம் விழுந்துபாரு. பதறிப்போய் ஒன்னத் தொறப்பாங்க. நாலு பேரு படிப்பாங்க. நான் என்ன சும்மாவா பெரிய மனுஷி ஆனேன்? விழுந்து விழுந்துதான்."

தும்பை அன்றைய பட்டியலைப் பார்த்தாள். டிரைவர் பலவேசம் அப்போதுதான் சென்னையிலிருந்து வந்து இறங்கியிருந்தார். அவள் கொஞ்சம் கண்ணை மூடினால் போதும், மதுரை வண்டிக்கு அவர் பெயரே விழும்.

"வேண்டாம்க்கா. அவரு தூங்கட்டும்" என்றாள்.

அடுத்த வருஷம் தென்காசியில் கம்பெனி ஒரு டிப்போ திறந்தது. தும்பையில் ஒரேயொரு வரி சேர்க்க வேண்டும். திறந்தார்கள். ஒருவருக்கும் விளங்கவில்லை.

"என்னவே இது, யாரு எழுதுனது?" என்றார் கோமதிநாயகம்.

"முன்னால ஒரு பொண்ணு இருந்துச்சாம் சார். இந்த மொழி தெரிஞ்ச ஆளு ஊர்லயே இல்ல."

"அப்ப நல்லதா இருந்து என்ன பிரயோஜனம்? தூக்கிப் போட்டுட்டுக் கதம்பத்துல எழுதுங்க."

தும்பையை அழிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

கதம்பம் டூட்டி போடத் தொடங்கிய மூன்றாம் நாள். சென்னையிலிருந்து வந்து இறங்கிய பலவேசத்தின் பெயர் மதுரை வண்டிக்கு விழுந்தது. கயத்தாறைத் தாண்டி வண்டி ஒரு புளியமரத்தில் மோதி நின்றது. அவரை வெளியே எடுக்கக் கதவை அறுக்க வேண்டியிருந்தது.

அலுவலகத்தில் ஆறு பேர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். சாயங்காலத்துக்குள் கதம்பத்தைச் சரிசெய்துவிட்டார்கள். டீ வந்தது.

கோமதிநாயகம் தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்: "இதுக்குத்தான் நாலு பேருக்குத் தெரிஞ்ச மொழி வேணுங்கிறது. விழுந்தா, ஒடனே தூக்கி நிறுத்த ஆளிருக்கு பாரும்."