முந்நூறு வருடத் தூக்கம்

மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்துபோகும் மலையூர் ஒன்றில் குணரத்தினம் என்ற பெரும் பணக்காரர் இருந்தார். சாவு நெருங்காமல் முந்நூறு வருடம் தூங்கி எழ, நீல ஒளி மிதக்கும் கண்ணாடிப் பெட்டி ஒன்றை வாங்கினார்.

சமையல்கார வேலம்மையைக் கூப்பிட்டார். “நான் முழிக்கிறப்போ தெரிஞ்ச முகம் வேணும். நீயும் ஒரு பெட்டியில படுத்துக்கோ. மாட்டேன்னா இன்னிக்கே வேலையை விட்டுப் போ.”

 வேலம்மை, “படுக்கிறேங்க ஐயா. என் மக இல்லாம என்னால இருக்க முடியாது. அவளுக்கு அவ புருஷன் வேணும். அவனுக்குக் கூட்டாளிங்க வேணும்” என்றாள்.

“ஊரையே கூட்டிட்டு வா! எத்தனை பெட்டி வேணும்னாலும் வாங்கறேன்.”

“எல்லாரும் உள்ள தூங்கிட்டா, கதவை யாருங்க திறப்பாங்க?”

“பெட்டி செஞ்ச கம்பெனிக்காரங்க.”

“அவங்க அதுக்குள்ள செத்துடுவாங்களே. அவங்க பேரனோட பேரனுக்கு உங்களை எழுப்பணும்னு ஏங்க தோணும்?”

குணரத்தினம் பெட்டியைப் பொருத்த வந்து பக்கத்தில் நின்ற கம்பெனி எஞ்சினீயரைப் பார்த்தார். “அதுக்கு கியாரண்டி இல்ல சார்” என்று அவர் தலை குனிந்தார்.

ஜன்னல் வழியாக வந்த மேகம் அறை முழுக்க நிறைந்தது.  குணரத்தினம், இருபது வருடத்தில் முதல் தடவையாக, “உன் மக பேரு என்ன, வேலம்மை?” என்று கேட்டார்.