புளி மூட்டைக்கு அடியில் அரசர்

முன்னொரு காலத்தில், தம் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ஓர் அரசர், அது ஊரார் வீட்டிலும் இருந்தால் நன்றாயிருக்குமே என்று ஆசைப்பட்டார். அவர் பெயர் வாகைமாறன். நாட்டின் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு கொலுப்படி கட்டுவார்கள். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்கி வைப்பார்கள். இந்த ஆண்டு அந்தப் புதுப் பொம்மை நாமாகவே இருந்தால் என்ன என்று அரசருக்குத் தோன்றியது. பொம்மை செய்யும் செங்கமலத்தை வரவழைத்தார். அவள் கொண்டுவந்த அச்சுகளையெல்லாம் மூக்கு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். உண்மையில் மூக்கில் ஒரு குறையும் இல்லை. அது அரசருடைய மூக்கு மாதிரியே இருந்ததுதான் குறை. கடைசியில் செங்கமலம் விஷயத்தைப் புரிந்துகொண்டு, கோயில் சிலையைப் பார்த்து ஒரு மூக்கு வைத்தாள். அரசர் பூரித்துப்போனார். இந்த அழகு வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாது என்று, ஒரு சூளை பொம்மை சுட்டு எடுத்ததும் அச்சை உடைத்துவிடச் சொன்னார்.

அப்புறம் இன்னொரு கவலை வந்தது. சனங்கள் தம்மைக் கொண்டுபோய்க் கீழ்ப்படியில், காய்கறிக்காரி பொம்மைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால்? உடனே தண்டோரா போடச் சொன்னார்.

"இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், இந்தப் பொம்மை வேறு, அரசர் வேறு அல்ல. அரசர் ஒரு வீட்டுக்கு எழுந்தருளினால் என்னென்ன மரியாதை உண்டோ, அத்தனையும் பொம்மைக்கும் உண்டு. தவறினால் ராஜத்துரோகம்! விலை ஒரு பணம்!"

செங்கமலம் முதலில் பாதிப் பொம்மைகளைக் கடையில் வைத்தாள். வெயில் ஏறுவதற்குள் கடை காலி. ஊரார் வாங்கவில்லை. பொக்கிஷதாரர் தாண்டவராயரின் ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து மொத்தமாக அள்ளிப்போனார்கள். அன்று மாலையே தாண்டவராயரின் மைத்துனர் கடையில் அதே பொம்மை, அதே மூக்கோடு, பத்துப் பணத்துக்கு உட்கார்ந்திருந்தது.

"காலையில ஒரு பணம், சாயங்காலம் பத்துப் பணம்னா, நடுவுல ராசா என்ன வளந்தா போயிட்டாரு?" என்று ஒருத்தி கேட்டாள். மைத்துனர், "வேணும்னா வாங்கு, வேணாம்னா போ. நாளைக்கு வந்தா பன்னெண்டு" என்றார்.

செய்தி அரசவைக்கு வந்தது. அரண்மனையில் குஞ்சிதபாதம் என்று ஒரு விகடகவி இருந்தார். ஆள் ஒல்லி, வாய் பெரிது. அன்றைக்கு அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, அதிகம் யோசிக்காமல், "ஆளுக்கு ஒன்றுதான் என்று சொல்லிவிடுங்கள் அரசே, தீர்ந்தது" என்றார். அரசரும் அப்படியே ஆணையிட்டார்.

தீரவில்லை. மறுநாள் செங்கமலத்தின் கடை வாசலில் கோயில் திருவிழா மாதிரி வரிசை. நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் தாண்டவராயரின் வேலைக்காரர்கள். ஒருவன் மீசையோடு வந்து ஒன்று வாங்கினான், மீசையை மழித்துக்கொண்டு வந்து இன்னொன்று வாங்கினான், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்து, செத்துப்போன தன் புருஷனுக்காக அழுதுகொண்டே மூன்றாவது வாங்கினான். தாண்டவராயரின் மாமியாரைப் பல்லக்கில் வைத்து இந்தத் தெரு வழியாக ஒரு தடவை, அந்தத் தெரு வழியாக ஒரு தடவை என்று தூக்கி வந்தார்கள். கிழவிக்கே தான் யாரென்று குழப்பம் வந்துவிட்டது. காவலர்கள் இத்தனை பேரில் ஒருவரையும் பிடிக்கவில்லை. அவர்கள் பிடித்தது வண்ணாரப்பேட்டை உண்ணாமுலையை மட்டும்தான். அவள் தனக்கு ஒன்று, அந்த ஆண்டு கல்யாணமாகிப் போன மகளின் முதல் கொலுவுக்கு ஒன்று என்று உள்ளதைச் சொல்லி இரண்டு கேட்டாள். விரட்டிவிட்டார்கள். சட்டம் அவளுக்கு மட்டும் நன்றாக வேலை செய்தது.

அடுத்த நாள் அரசவையில் தாண்டவராயர் எழுந்தார். குஞ்சிதபாதத்தின் மேல் அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். தாம் கணக்கு வாசித்தால் அரசர் கொட்டாவி விடுகிறார், இவன் வாயைத் திறந்தால் சிரிக்கிறார் என்ற ஒரே காரணம்தான்.

"வேந்தே! வியாபாரத்துக்கு வரம்பு கட்டச் சொன்னவர் விகடகவி. அதனால் தங்கள் திருவுருவத்தை வாங்க வந்த பெண்மணி ஒருத்தி விரட்டப்பட்டாள். ஊரே தங்களைப் பழிக்கிறது. இதற்கு யோசனை சொன்னவர்தானே பொறுப்பு?"

அரசருக்கு முகம் சிவந்தது. "குஞ்சிதபாதம்! சரஸ்வதி பூஜைக்குள் என் பொம்மை வேண்டும் என்கிற ஒவ்வொரு வீட்டிலும் அது ஒரு பணத்துக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இனி வரம்பு கிடையாது. காவலரை ஏவி எவர் வீட்டிலும் நுழையக் கூடாது. அச்சு உடைந்துவிட்டது, ஆகவே புதுப் பொம்மையும் கிடையாது. முடியாவிட்டால் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விடு."

தாண்டவராயர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். ஏறக்குறைய எல்லாப் பொம்மையும் அவர் வீட்டுக் களஞ்சியத்தில் இருக்க, வேறு எங்கிருந்து வரும்?

வீட்டுக்கு வந்து குஞ்சிதபாதம் விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி வாலாம்பாள் பரணிலிருந்து தாமிரப் பாத்திரங்களை இறக்கி, பழைய புடவையில் மூட்டை கட்டத் தொடங்கினாள்.

"ஏண்டி, அதுக்குள்ளயா?"

"எனக்கென்ன புதுசா? உங்க வாயால நாம விட்டுட்டு வந்த நாடு ரெண்டு. இது மூணாவது. இங்கதான் அக்கம்பக்கத்துல நாலு பேரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. இன்னொரு ஊர்ல போய் 'யாரும்மா நீ'ன்னு கேக்கறதுக்குப் பதில் சொல்ல என்னால முடியாது." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குஞ்சிதபாதத்துக்கே பயம் வந்துவிட்டது. அவருக்கு அப்படி நடப்பது அபூர்வம்.

கூடத்தில் சின்னக் கொலு. வரிசையில் நின்று அவள் வாங்கிய அரசர் பொம்மை மேல்படியில் இருந்தது. முன்னால் ஒரு தட்டில் கொண்டைக்கடலைச் சுண்டல். மனம் சரியில்லாதபோது குஞ்சிதபாதத்துக்குப் பசிக்கும். தட்டில் கை வைத்தார். வாலாம்பாள் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"ராசாவுக்குக் காட்டாம தின்னா ராஜத்துரோகம். தண்டோராக்காரன் கத்தினது காதுல விழலையா? இந்தக் களிமண்ணுக்கு வேளாவேளைக்குச் சுண்டல் வச்சு, விசிறி வீசி, எனக்குக் கை கடுத்துப்போச்சு. ஒண்ணே இந்தப் பாடு படுத்துது!"

குஞ்சிதபாதம் கையை எடுத்துக்கொண்டு பொம்மையை உற்றுப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "மூட்டையை அவுக்காதே, கட்டவும் கட்டாதே. கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிட்டு அரண்மனைக்கு ஓடினார்.

"அரசே, ஒரே ஒரு விண்ணப்பம். தாங்கள் போட்ட தண்டோராவை இன்னொரு தடவை போடச் சொல்லுங்கள். தங்கள் பொம்மைக்கு உரிய மரியாதை நடக்கிறதா என்று பார்த்துவர அரண்மனைச் சமையற்காரரையும் மேளக்காரர்களையும் என்னோடு அனுப்புங்கள்."

தம் மரியாதையைப் பார்த்துவர ஆள் போகிறது என்றால் எந்த அரசர் வேண்டாம் என்பார்? சம்மதித்தார்.

மறுநாள் விடியற்காலையில் தாண்டவராயர் மாளிகை வாசலில் நாதஸ்வரம் முழங்கியது. தாண்டவராயர் கலைந்த குடுமியோடு வெளியே வந்தார். தெருவே கூடிவிட்டது.

"என்ன இது? காவலர் நுழையக் கூடாது என்பது அரசாணை!"

"காவலர் யாரும் வரவில்லை ஐயா. இவர் சமையல், இவர் தவில். தங்கள் இல்லத்தில் அரசர் எழுந்தருளியிருக்கிறார் அல்லவா? திருப்பள்ளியெழுச்சி பாட வந்தோம். அரசர் இங்கே இல்லை என்றால் சொல்லிவிடுங்கள், போய்விடுகிறோம். வண்டி வந்ததை ஊரே பார்த்திருக்கிறது. அரசரை வீட்டில் ஒளித்துவைப்பவருக்கு என்ன பெயர் என்பது தங்களுக்கே தெரியும்."

தாண்டவராயர் வழிவிட்டார். களஞ்சியத்தைத் திறந்தார்கள். உள்ளே அரசர்கள் கூடை கூடையாகக் கிடந்தார்கள். சிலர் தலைகீழாக, சிலர் வைக்கோலுக்குள், ஒரு கூட்டம் புளி மூட்டைக்கு அடியில்.

"ஐயையோ! அரசர் மேல் புளி மூட்டையா?" என்று குஞ்சிதபாதம் தெருவில் கேட்கும்படி அலறினார்.

"அட, வெறும் களிமண்ணுக்கு..." என்று தாண்டவராயர் ஆரம்பித்தார்.

"யாரை? யாரைக் களிமண் என்கிறீர்கள்?"

தாண்டவராயர் புளி மூட்டையைத் தாமே தூக்கி அப்பால் வைத்தார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரசர் ஒரு பிரபுவின் வீட்டில் தங்கினால் செலவெல்லாம் பிரபுவுடையது. காலையில் காய்ச்சிய பால், மத்தியானம் தலைவாழை இலையில் விருந்து, பிற்பகலில் விசிறி, படுக்கும் முன் தாலாட்டு. அரசர் சாப்பிடாமல் வீட்டார் சாப்பிடக் கூடாது. அவருக்கு எதிரே உட்காரக் கூடாது, முதுகைக் காட்டியும் நடக்கக் கூடாது. குஞ்சிதபாதம் சமையற்காரரிடம் திரும்பி, "ஒரே இலையில் இரண்டு அரசர் சாப்பிட்டதாக எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. ஆளுக்கு ஓர் இலை போடுங்கள்" என்றார்.

கூடம் நிறைந்தது, முற்றம் நிறைந்தது, மாட்டுக்கொட்டில் வரைக்கும் இலை போட்டார்கள். பரிமாறி முடிப்பதற்குள் முதலில் போட்ட பாயசம் ஆடை கட்டிவிட்டது. தாண்டவராயரின் குடும்பத்தார் பசியோடு நின்றார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் அரசருக்கு முதுகு காட்ட வேண்டியிருந்ததால், வீட்டுக்குள் எல்லோரும் நண்டு மாதிரிப் பக்கவாட்டிலேயே நடந்தார்கள். மாமியார் தாலாட்டுப் பாடித் தொண்டை கட்டிப் படுத்துவிட்டாள்.

எப்படியாவது விற்றுத் தள்ளிவிடுவோம் என்று மைத்துனர் கடையைத் திறந்தார். குஞ்சிதபாதம் எதிரே போய் நின்றார்.

"ஐயா, அரசர் என்ன விலை?"

"எட்டுப் பணம்."

"அன்றைக்குப் பன்னிரண்டு என்றீராமே! அதற்குள் அரசர் மதிப்பு இவ்வளவு இறங்கிவிட்டதா? எதனால்? இதை அரசவையில் சொல்ல வேண்டும்."

மைத்துனர் அப்போதே கடையைப் பூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டார்.

தாண்டவராயர் இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். மூன்றாம் நாள் நெல் குதிரில் கைவிட்டுப் பார்த்தார், அடி தட்டியது. குஞ்சிதபாதத்தைத் தனியே அழைத்தார்.

"விகடகவி, விற்கவும் விடமாட்டேன் என்கிறீர். எறியவும் முடியாது. என்னதான் செய்யச் சொல்கிறீர்?"

"விற்க வேண்டாம் என்று யார் சொன்னது? தாம் ஒரு வீட்டுக்குப் போக ஒரு பணம் என்று அரசரே வாய்திறந்து சொல்லியிருக்கிறார். அது அவர் ஏற்றுக்கொண்ட காணிக்கை. அதற்கு மேல் ஒரு காசு கேட்டால்தான் அரசரை வைத்து வியாபாரம் செய்ததாக ஆகும்."

பொக்கிஷதாரர் தம் மாளிகை வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார். ஒரு பணம், ஒரு பணம் என்று கூவினார். வரம்பு எதுவும் இல்லை, யாரும் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஊர் திரண்டு வந்தது. எல்லோரும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். உண்ணாமுலை மட்டும் தனக்கொன்று, மகளுக்கொன்று என்று இரண்டு வாங்கிக்கொண்டு போனாள். வேண்டும் என்றவர்களுக்கெல்லாம் கிடைத்தது. அதற்குப் பிறகும் திண்டாட்டம் தீரவில்லை, அரசர்கள் மிஞ்சியிருந்தார்கள்.

சரஸ்வதி பூஜையன்று காலையில் அரசர் ஊரைப் பார்க்கப் பல்லக்கில் வந்தார். தாண்டவராயர் கைகூப்பி ஒரு கீரைக்காரியை வழிமறித்துக்கொண்டிருந்தார்.

"தாயே, ஓர் அரசரைக் கொண்டுபோங்கள். காசே வேண்டாம். கூடவே ஒரு படி சுண்டலும் தருகிறேன்."

"ஐயோ சாமி, எங்க வீட்ல ஒருத்தரு இருக்காரு. அவருக்கு ஆக்கிப் போடறதே பெரும்பாடா இருக்கு. ரெண்டு ராசாவை யாரால தாங்க முடியும்?"

பல்லக்கின் திரை விலகியிருந்தது. கீரைக்காரி கூடையைப் போட்டுவிட்டு விழுந்து கும்பிட்டாள். அரசர் முகத்தில் என்ன வருகிறது என்று எல்லோரும் பார்த்தார்கள். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு கன்னம் துடித்தது. அப்புறம் அவர் பல்லக்கே ஆடும்படி சிரித்தார். தூக்குகிறவர்கள் தடுமாறினார்கள்.

"குஞ்சிதபாதம்! வரம்பே இல்லாமல் செய்துவிட்டாயே! இது எப்படி?"

"அரசே, வாங்குவதற்கு வரம்பு வைத்தேன், மீசையை எடுத்துவிட்டு வந்தார்கள். அது என் மடத்தனம். வாங்கியவர் அதை வீட்டில் வைத்துப் பராமரிக்க வேண்டும் என்ற தங்கள் சட்டம்தான் வென்றது. வீட்டில் வைத்துக் கும்பிட ஒன்று வாங்கியவர்களுக்கு அது தாங்கக்கூடிய பாரம்தான். விற்பதற்கு வாங்கியவர் என்னவானார் என்று தாங்களே பாருங்கள்."

அரசர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். "உன்னைப் போகச் சொன்னதை மறந்துவிடு. சரி, இங்கே மிஞ்சிய பொம்மைகளையும் நீயே பரிசாக எடுத்துக்கொள்."

குஞ்சிதபாதத்துக்கு வியர்த்துவிட்டது. வீட்டில் வாலாம்பாளின் முகம் நினைவுக்கு வந்தது.

"அரசே, மன்னிக்க வேண்டும். என் வீட்டில் ஏற்கெனவே ஓர் அரசர் இருக்கிறார். அவர் இருக்கும்போது இன்னோர் அரசரை ஏற்றுக்கொண்டால் அதைவிடப் பெரிய துரோகம் உண்டா? தாண்டவராயர்தான் தங்களை இத்தனை ஆசையோடு வரவழைத்தார். அவரிடமிருந்து தங்களைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை."

அரசர் மறுபடியும் சிரித்தார். "அப்படியே ஆகட்டும். அவர்கள் அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பல்லக்கைக் கிளப்பச் சொன்னார். வாலாம்பாள் அன்றே பாத்திரங்களைப் பரணில் ஏற்றிவிட்டாள்.

தாண்டவராயரும் அரசர் சிரிக்கிறாரே என்று சேர்ந்து சிரித்தார், நன்றி சொல்லிக் குனிந்து கும்பிட்டார். பிறகு இலை நறுக்க உள்ளே போனார். மிஞ்சியவர்கள் எல்லோருக்கும் பரிமாறி, அவர் சாப்பிட்டு முடிக்கும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.