தலைவரின் மூக்கில் விழுந்த மடிப்பு

துர்வேனியா நாட்டில் புரட்சி வந்தது, ராஜா ஓடிப்போனார். புது நோட்டு அடிக்க நேரமில்லை. பழைய நோட்டிலேயே ராஜாவின் முகத்தின்மேல் சிவப்பு நட்சத்திரத்தைக் குத்திக் காலத்தை ஓட்டினார்கள். பிறகுதான் யாரோமிர் என்ற ஓவியர் புது நோட்டு வரைந்தார். ஒரு பக்கம் டிராக்டர் ஓட்டும் பெண், மறுபக்கம் கோதுமைக் கதிரும் அணைக்கட்டும். உழைப்பாளிகளின் நாட்டில் நோட்டும் உழைப்பாளிக்கே என்பது அவர் பிடிவாதம்.

நிதியமைச்சர் கோஸ்தாவுக்கு யாரோமிரைக் கண்டாலே ஆகாது. தலைவர் வொய்னோவின் காதைக் கடித்தார்.

"நாட்டை ஆள்வது நீங்கள். நோட்டில் இருப்பதோ எவளோ ஒரு டிராக்டர்க்காரி! எல்லாம் அந்த ஓவியனின் கொழுப்பு."

தலைவருக்குச் சுருக்கென்றது. யாரோமிரைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள் நோட்டில் என் முகம் வரவேண்டும். இல்லையென்றால் நிலக்கரிச் சுரங்கம்!"

அந்த நாட்டில் தலைவர் படத்தைக் கசக்கினாலோ மடித்தாலோ பத்து வருஷம் சிறை. தலைவர் படம் போட்ட செய்தித்தாளில் மீன் மடித்த பாவத்துக்கு ஒரு மீன்காரர் உள்ளே இருந்தார். சட்டம் எழுதிய புண்ணியவானும் கோஸ்தாதான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை யாரோமிருக்கு. மூன்றாம் நாள் விசிலடித்துக்கொண்டே வரைய உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை. தலைவர் முன்னால் பளபளவென்று ஒரே ஒரு நோட்டு.

"முதல் நோட்டு நிதியமைச்சருக்குத்தானே சேரவேண்டும்!" என்று யாரோமிர் பணிவாக நீட்டினார்.

கோஸ்தாவுக்கு வாயெல்லாம் பல். வாங்கினார், நாலாக மடித்தார், சட்டைப் பையில் செருகினார்.

"ஐயையோ தோழரே! தலைவரை மடித்துவிட்டீர்களே!" என்று அலறினார் யாரோமிர்.

பிரித்துப் பார்த்தால் தலைவரின் மூக்குக்குக் குறுக்கே பளிச்சென்று ஒரு கோடு.

"பழக்கதோஷம், தலைவரே! நோட்டை மடிக்காமல் எப்படி..." கோஸ்தா அந்தக் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"பிடியுங்கள் இவரை!" என்று கத்தினார் தலைவர்.

யாரோமிர் குறுக்கிட்டார். "கொஞ்சம் பொறுங்கள், தலைவரே. நாளைக்கு ரொட்டிக்கடைக்காரர் மடிப்பார், பால்காரி மடிப்பாள். சம்பள நாளில் உங்கள் காவலர்களும் மடிப்பார்கள்."

"அத்தனை பேரையும் உள்ளே தள்ளுவேன்!"

"தாராளமாகத் தள்ளலாம். ஆனால் சிறைக்கதவைப் பூட்ட நீங்களே வரவேண்டியிருக்கும். வெளியே வேறு ஆள் ஏது?"

தலைவர் முறைத்தார். மீசை துடித்தது. பிறகு மார்பிலிருந்த பதக்கங்கள் கலகலக்கும்படி சிரித்தார். அந்த நோட்டு அச்சுக்கே போகவில்லை. யாரோமிருக்குப் பரிசாகத் தலைவரின் படம் ஒன்று கிடைத்தது. யாரும் மடிக்க முடியாதபடி, கண்ணாடி போட்டு.