கீழ்வீட்டுக்கு வந்து சேர்ந்த பாயசம்

"அம்மா, அந்த மாடிவீட்டுக்காரியைக் கொஞ்சம் தள்ளியே வைங்க. உங்க சமையல்கட்டு இந்த லட்சணத்துல கிடக்குறதுக்கு அவதான் காரணம்."

குமுதவல்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

நீலாம்பிகை சிங்க்கைப் பார்த்தார்.

சிங்க் நிரம்பியிருந்தது. குழாயை யாரும் திறக்கவில்லை. இருந்தும் தண்ணீர் அடியிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு குமிழ் எழும்பும். 'க்ளுக்' என்று உடையும். யாரோ உள்ளே உட்கார்ந்து பேச வாயெடுத்து, வேண்டாமென்று விடுவது போல இருந்தது.

அந்த அபார்ட்மெண்ட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று சமையல்கட்டு. மூன்றின் கழிவுத் தண்ணீருக்கும் ஒரே குழாய். உச்சியில் பார்கவி. நடுவில் குமுதவல்லி. அடியில் நீலாம்பிகை.

மேலே ரசம் கவிழ்ந்தால் கீழே ஏப்பம் வரும் என்பார்கள். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். பெருங்காய வாசனை மட்டும் நிச்சயம் வரும்.

நீலாம்பிகைக்கு நாற்பது வயது இருக்கும். குமுதவல்லிக்கு அறுபது. இருந்தாலும் குமுதவல்லிக்கு அவர்தான் அம்மா. கட்டடத்துப் பெண்கள் பலருக்கும் அப்படித்தான். சாயங்காலமானால் அவர் வீட்டுக் கூடத்தில் வந்து உட்காருவார்கள். மனசில் கிடப்பதைக் கேட்பார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்வார். பல நாள் அதுவும் சொல்லமாட்டார். சொல்லாத நாளில்தான் கூட்டம் அதிகம்.

அவருக்கு வலப்பக்கத்துப் பாய் குமுதவல்லியுடையது. அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் அவள் இருமுவாள். அந்த இருமலைக் கேட்டு ஒருமுறை பூனையே எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டு போயிற்று.

நேற்றுச் சாயங்காலம் நீலாம்பிகை அந்தப் பாயைக் காட்டிச் சொன்னார்:

"பார்கவி, அங்க ஏன் செவுத்தோட ஒட்டிக்கிட்டு? இங்க வந்து உக்காரு."

குமுதவல்லி இருமினாள். பார்கவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள்.

விடிந்ததும் சிங்க் பொங்கியது. குமுதவல்லிக்கு இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா?

"நெய்யைக் கொட்டுறா. மிஞ்சினதைக் கொட்டுறா," என்றாள். "நேத்து வந்தவ. அவளுக்கு என்ன தெரியும்?"

"பார்த்தீங்களா?"

"பார்க்கணுமாக்கும்? வாசனையே சொல்லுதே."

"என்ன வாசனை?"

குமுதவல்லி குனிந்து முகர்ந்தாள்.

ஏலக்காய்.

வாயை மூடிக்கொண்டாள்.

அந்த ஏலக்காய் வந்த வழி அவளுக்குத் தெரியும்.

பார்கவி குடிவந்த புதிதில், அம்மாவுக்குக் கொஞ்சம் பாயசம் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு தூக்குச்சட்டியோடு படியிறங்கி வந்தாள். குமுதவல்லி வழியிலேயே மறித்தாள்.

"இங்க ஒரு முறை இருக்கு. அம்மாவுக்கு எது போனாலும் மூத்த சிஷ்யை கையாலதான் போகணும்."

அந்த முறை அவள் வாயைத் திறந்த அந்தக் கணத்தில்தான் பிறந்தது. பார்கவி அதை நம்பி, சட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

கதவைச் சாத்திவிட்டு குமுதவல்லி மூடியைத் திறந்தாள். ஜவ்வரிசிப் பாயசம். ஒவ்வொரு மணியும் கண்ணாடியாய் நின்றது. மேலே நெய்யில் சிவந்த முந்திரி.

அம்மா இதை ஒரு வாய் சாப்பிட்டால் என் பாய் போச்சு என்று நினைத்தாள்.

சிங்க்கில் கவிழ்த்தாள்.

கழுவின சட்டியை வெறுமனே எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஏதாவது சொல்ல வேண்டுமே. "அம்மா ரொம்ப நல்லா இருக்குன்னாங்க" என்றாள்.

அங்கேதான் வினை. பார்கவியின் முகம் மலர்ந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அதைவிடப் பெரிய சட்டி வந்தது. அதுவும் 'ரொம்ப நல்லா' இருந்தது. அடுத்த வாரம் அதைவிடப் பெரியது. கடைசியில் பார்கவி கல்யாண வீட்டுக்காரி மாதிரி அண்டாவைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு இறங்கிவந்தாள்.

குழாய்க்குள் ஜவ்வரிசி சும்மா கிடக்குமா? மூன்று வீட்டுத் தண்ணீரையும் குடித்தது. ஊறியது. உப்பியது. ஒவ்வொரு மணியும் எலுமிச்சம்பழம் அளவு இருந்ததாகப் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அது பொய். நெல்லிக்காய் அளவுதான்.

"சரி, அடைப்பை எடுப்போம்," என்றார் நீலாம்பிகை. "யாருதுன்னு அதுவே சொல்லட்டும்."

"ஆளை வரச்சொல்றேன்மா. அவங்க மெஷின் வச்சு உடைச்சுத் தள்ளிருவாங்க. ஒண்ணும் வெளிய எடுக்கவே வேணாம்."

"உங்க கைதான் இருக்கே."

"என் கையா?"

"எனக்கு எது கொடுத்தாலும் அது வழியாத்தான் போகணுமாமே. பார்கவி சொன்னா."

குமுதவல்லிக்கு வேர்த்தது. நீலாம்பிகையின் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"அவளையும் கூப்பிடுங்க," என்றார் நீலாம்பிகை.

கட்டடத்தின் பின்பக்கம், தரையோரம் குழாய் வளையும் இடத்தில் ஒரு மூடி இருந்தது. பார்கவி வாளியோடு வந்தாள். சிங்க் அடைத்த விஷயம் கேட்டதிலிருந்து அவளுக்குத்தான் பதற்றம்.

"நான் எடுக்குறேன்க்கா. நீங்க வயசானவங்க."

"எனக்கு ஒண்ணும் வயசாகலை. தள்ளு."

குமுதவல்லி மூடியைக் கழற்றினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை விட்டாள்.

வழவழவென்று ஏதோ அகப்பட்டது. இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். இன்னும் வந்தது. அவள் பின்பக்கமாகவே நடந்து காம்பவுண்டுச் சுவரில் முதுகு இடிக்கிற வரை அது வந்துகொண்டே இருந்தது. வெள்ளையாய், கொழகொழவென்று, குழாயின் உருவத்திலேயே.

நடுநடுவே முந்திரி.

குழாய் ஒரு பெருமூச்சு விட்டது. உள்ளே சிங்க் கடகடவென்று வடிந்தது.

பார்கவி குனிந்து ஒரு முந்திரியை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னோடது."

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"என் பாயசம்." நீலாம்பிகை பக்கம் திரும்பினாள். "ஊத்திட்டீங்களாம்மா?"

நீலாம்பிகை குமுதவல்லியைப் பார்த்தார். கோபமாக இல்லை. பஸ்ஸுக்கு நிற்பவர் சாலையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

குமுதவல்லி சுவரைப் பார்த்தாள். அதில் ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்தாள்.

"என் சிங்க்லதான் வந்து நின்னுச்சு," என்றார் நீலாம்பிகை.

பார்கவிக்கு அது போதுமானதாக இருந்தது.

"பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பினீங்களே. நான் பைத்தியக்காரி மாதிரி அண்டா அண்டாவா..." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "இனிமே கீழ வந்து தொந்தரவு பண்ணமாட்டேன்."

வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் படியேறிப் போனாள். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஓங்கிச் சாத்தவில்லை. மெதுவாகத்தான்.

நீலாம்பிகை உள்ளே போனார். கூடத்தில் பாயை விரித்தார். கையால் ஒருமுறை தடவிவிட்டார்.

"குமுதம்மா, பாய் காலியாத்தான் இருக்கு. வந்து உக்காருங்க."

குமுதவல்லி வாசற்படியிலேயே நின்றாள். முழங்கை வரை வெள்ளை வழிந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் கேட்டது கிடைத்துவிட்டது. மேல்வீட்டுக்காரி இனி இறங்கி வரமாட்டாள். இருமவேண்டிய அவசியமே இல்லை.

கால் உள்ளே வரமாட்டேன் என்றது.

"ஏம்மா சும்மா இருந்தீங்க?" என்றாள். "உங்களைப் போய்த் தப்பா நினைச்சுட்டுப் போறா."

"நினைக்கட்டும்."

"அதை ஊத்தினது நான்தான்மா."

"அப்படியா?"

"சத்தியமா நான்தான். ஒவ்வொரு வாரமும். உங்க கண்ணுலகூடக் காட்டலை."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க?"

நீலாம்பிகை சிங்க்கைத் தேய்க்கப் போய்விட்டார்.

குமுதவல்லி படியேறினாள். கையைக் கழுவவில்லை. தன் வீட்டு வாசல் வந்தது. நிற்காமல் அதையும் தாண்டி ஏறினாள். படியெல்லாம் சொட்டியது. பார்கவி வீட்டுக் கதவை முழங்கையால் இடித்தாள்.

கதவு திறந்தது. பார்கவியின் கண் சிவந்திருந்தது.

"அம்மா ஒரு சொட்டுகூடப் பார்த்ததில்லைடி. நல்லா இருக்குன்னு சொன்னதும் அவங்க இல்லை. எல்லாத்தையும் நான்தான் கொட்டினேன்."

பார்கவி அவள் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா இல்லையாக்கா?"

"நல்லா இருந்துச்சு," என்றாள் குமுதவல்லி. "அதனாலதான்."