நண்டு தோண்டிய மஞ்சள் கல்

அந்தக் காலத்தில் நண்டுக்கும் மீனுக்கும் பேச்சு வந்தது. பேச்சு வந்தால் பொறாமையும் கூடவே வரும்தானே! ஒரு மலை ஓடையில் கருக்கி என்றொரு பெண் நண்டு இருந்தாள். பக்கத்து மடுவில் மினுக்கி என்ற கெண்டை மீன்.

வாக்கப்பட்டு வரும் புதுப்பெண் ஓடையில் முதல் குடம் மொள்ளும்போது மீனுக்கு ஒரு பிடி பொரி போடுவது அந்த மலைசனத்தின் வழக்கம். மினுக்கியின் பளபளப்பைக் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். கருக்கியை ஒருத்தியும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. மினுக்கி என்னவோ நல்லவள்தான். "இந்தாக்கா" என்று பொரியில் பாதியைத் தள்ளிவிடுவாள். அதுதான் கருக்கிக்கு இன்னும் வயிற்றெரிச்சல். இவள் போட்டு நான் தின்ன வேண்டுமா என்று பொருமுவாள்.

மலையின் வயிற்றுக்குள் தங்கம்போல மின்னும் மஞ்சள் கல் இருப்பது கருக்கிக்குத் தெரியும். அதை முதுகில் அப்பிக்கொண்டால் அப்புறம் மினுக்கியை யார் சீண்டப் போகிறார்கள்? குடைய ஆரம்பித்தாள். மலை தடுத்தது.

"வேண்டாம் தாயி. இருட்டுல கிடக்கிற வரைக்கும்தான் அது சாது. காத்தும் தண்ணியும் பட்டா புளிச்சுப்போய் எல்லாத்தையும் அரிச்சிடும்."

இந்த மலையும் அவள் பக்கம்தான் என்று கறுவிக்கொண்டாள் கருக்கி. தோண்டிய கல்லையும் மண்ணையும், நண்டுப் புத்தி போகுமா, வளை வாசலிலேயே ஓடைக்கரையில் குவித்தாள். முதுகு மின்ன வந்து நின்றாள். ரொம்ப அழகாயிருக்கே என்று மினுக்கி மனசாரச் சொன்னாள். அதுவும் இவளுக்குக் குத்தலாகவே பட்டது.

மறுநாள் மழை. குவியலில் ஊறி இறங்கிய தண்ணீர், ஆரத்தி கரைத்துக் கொட்டியதுபோல ஓடையைச் சிவப்பாக்கியது. ஒரே புளிப்பு. கருக்கியின் முதுகு மினுக்கம் கரைந்தது. ஓடு நமுத்த அப்பளமாய்த் தொளதொளத்தது. மினுக்கி செவுள் வெந்து திணறினாள்.

"அக்கா, உனக்குக் கால் இருக்கு. நீயாவது போயிடு."

அப்போதுதான் கருக்கிக்குப் பொறாமை விட்டது. அதற்குள் மினுக்கி மல்லாந்து மிதந்தாள்.

கருக்கி பாறை ஏறி அடுத்த ஓடைக்குப் போய் ஒரு கல்லடியில் ஒடுங்கினாள். சில நாளில் செவந்தா என்ற புதுப்பெண் குடத்தோடு வந்தாள். செத்த ஓடையைப் பார்த்து மிரண்டு வந்தவள். இங்கேயாவது உயிர் இருக்கிறதா என்று கல் கல்லாகப் புரட்டினாள்.

"நண்டு உசிரோட இருக்கு. நல்ல தண்ணிதான்."

கையிலிருந்த பொரி முழுவதையும் கருக்கி முன்னால் போட்டாள். எத்தனை நாள் ஏங்கிய பொரி! ஒன்றைக்கூட அவளால் தொட முடியவில்லை. பாதியைத் தள்ளிக் கொடுக்க எதிரே ஆளில்லை.

அன்று முதல்தான் மலைசனம் கல்லைப் புரட்டி நண்டைப் பார்த்த பிறகே ஓடைத் தண்ணீரில் வாய் வைக்கிறது. பார்க்க வந்தவர்கள் நிழல் பட்டதுமே நண்டு கல்லடியில் போய் ஒளிந்துகொள்கிறது.