படத்தில் இல்லாத மைத்துனர்

செங்கரும்பு நாட்டை மகுடவர்த்தனர் ஆண்ட காலத்தில் டிஜிட்டல் கேமரா ஏது என்று ஐயுறுவோர், கதை முடிந்தபின் தாராளமாக ஐயுறலாம். இப்போது அரசவையில் கப்பல் வணிகர் ஒருவர் காத்து நிற்கிறார். அவருக்கு முன்னால், பட்டு விரிப்பின்மேல், இரண்டு கேமராக்கள் இருக்கின்றன. ஒன்று பலாக்காய் அளவு. மற்றொன்று உள்ளங்கைக்குள் அடங்கும்.

“குடும்பத்துக்கென்று முதன்முதலாக வாங்குகிறோம், ஒன்றுதான் வாங்குவேன். எது நல்லது?” என்றார் மன்னர்.

“பெரியதைக் கோட்டை மதிலில் வைத்துப் பார்த்தால், அண்டை நாட்டு மன்னரின் மீசையில் உள்ள நரை தெரியும்” என்றார் வணிகர். “சிறியதில் அவ்வளவு தொலைவு தெரியாது. ஆனால் அதை எங்கேனும் வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டால், பத்து எண்ணும் நேரம் பொறுத்திருந்து தானே படமெடுக்கும்.”

“சும்மா பொறுத்திருக்க நம் அரண்மனையில் ஆளா இல்லை?” என்றார் கார்மேக மாராயர். அவர் மன்னரின் சிற்றப்பா. அப்படிச் சொல்லும்போது அவருடைய பார்வை தாண்டவராயர்மேல் இருந்தது.

தாண்டவராயர் அரசியின் தம்பி. அக்காவின் திருமணத்தன்று சீர்வரிசையோடு வந்தவர், சீர்ப்பாத்திரங்களைப் போலவே அரண்மனையில் தங்கிவிட்டார். பேச்சுச் சாதுரியத்தால் அவையில் ஓரிடமும், நாவின் சுவையால் பந்தியில் ஓரிடமும் அவருக்கு உண்டு. இவற்றுள் இரண்டாவதையே அவர் பெரிதாக மதித்தார். மாராயருக்கோ இரண்டுமே கண்ணை உறுத்தின.

“நீர் என்ன சொல்கிறீர், மைத்துனரே?” என்றார் மன்னர்.

“எனக்கு ஒரே கேள்விதான். படத்தை எடுப்பவர் யார்?”

அவை சிரித்தது. மீசையின் நரையையே காட்டும் கருவியை வைத்துக்கொண்டு இப்படியும் ஒரு கேள்வியா?

“அந்தக் கவலை எதற்கு, மாப்பிள்ளை? நீங்களே எடுங்கள்” என்றார் மாராயர், தேனொழுக.

பலாக்காய் வாங்கப்பட்டது. மறுநாள் நந்தவனத்தில் மன்னரும் அரசியும் மாராயரும் ஏனைய உறவினரும் வரிசையாக நின்றார்கள். எல்லாருடைய முகமும் வரி கட்ட வந்தவர்களின் முகம்போல இருந்தது. தாண்டவராயர் கேமராவைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு, மாராயரிடம், “மாமா, மீசையைச் சற்று ஒதுக்குங்கள்; பின்னால் நிற்கும் இருவர் மறைகிறார்கள்” என்றார். மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். அரசி சிரித்தார். தம்மை மறந்து மாராயரும் சிரித்தார். அந்த நொடியில் பொத்தான் அழுந்தியது.

படம் அருமையாக வந்தது. மன்னர் மகிழ்ந்திருந்த அந்த நேரம் பார்த்து மாராயர் ஓர் ஆணைக்கு ஒப்புதல் வாங்கிவிட்டார்: குடும்பப் படத்தில் இருப்பவரே குடும்பத்தார், குடும்பப் பந்தியில் அவர்களுக்கே இலை.

அன்று நண்பகலில் பந்திக்கூடத்தின் வாயிலில் படம் தொங்கியது. காவலன் ஒவ்வொரு முகமாக ஒப்பிட்டு உள்ளே விட்டான். தாண்டவராயரின் முறை வந்தது. காவலன் படத்தை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தான்.

“ஐயா, நீங்கள் இதில் இல்லை.”

“இருக்க முடியாதப்பா. எடுத்தவனே நான்தான்.”

“அப்படியென்றால் ஒதுங்கி நில்லுங்கள். பின்னால் ஆடு காத்திருக்கிறது.”

நந்தவனத்தில் மேய்ந்த ஆடொன்று படத்தின் ஓரத்தில் முழு உருவமாக விழுந்திருந்தது. அதனால் அதற்கு இலை உண்டு. தாண்டவராயரின் வழக்கமான இடத்தில், அக்காவுக்கு அடுத்தாற்போல், அது அமர்த்தப்பட்டது. பரிமாறும்வரை அதற்குப் பொறுமையில்லை, இலையையே தின்றுவிட்டது. மறு இலை போட்டார்கள்.

உள்ளேயிருந்து புளிக்குழம்பின் மணம் வந்தது. இன்று விட்டால் இனி என்றைக்கும் இந்த வாயிலுக்கு இப்பால்தான் என்று தாண்டவராயருக்குப் புரிந்தது. அவர் படத்தைக் கழற்றிக் கையில் ஏந்திக்கொண்டு, வாயிற்படியில் நின்றபடியே குரல்கொடுத்தார்.

“மன்னரே, ஆணைக்குக் கட்டுப்படுகிறேன். ஓர் ஐயம் மட்டும். இதில் தாங்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்?”

“உம்மைப் பார்த்துத்தான். நீர்தானே மீசையைப் பற்றி...”

“அவர் அங்கே இல்லை” என்று மாராயர் இடைமறித்தார். “படத்தில் இல்லாதவர் இல்லாதவரே. ஆணை அதுதான்.”

“மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்றார் தாண்டவராயர். “அப்படியானால் மன்னர் ஆளில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். அக்காவும் அப்படியே. மாமா எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்திருக்கிறார். கடைவாய்ப் பல்லும் தெரிகிறது. ஆடு ஒன்றுதான் நிதானமாக இருக்கிறது. இந்தப் படம் அண்டை நாட்டுக்குப் போனால், அந்த மன்னர் படையனுப்ப மாட்டார்; பரிவோடு வைத்தியரை அனுப்புவார்.”

மன்னர் படத்தைப் பார்த்தார். மாராயரின் கடைவாய்ப் பல்லைப் பார்த்தார். பிறகு மோர் புரையேறும்வரை சிரித்தார்.

“மைத்துனரே, உள்ளே வாரும். ஆட்டைச் சற்று நகர்த்துங்கள்.”

அன்று மாலையே வணிகர் மீண்டும் அழைக்கப்பட்டார். உள்ளங்கைக் கேமராவே குடும்பத்துக்கு என்று முடிவாயிற்று. பலாக்காய் மாராயரிடம் ஒப்படைக்கப்பட்டது. மதிலில் அமர்ந்து அண்டை மன்னரின் மீசையைக் கண்காணிக்கும் பொறுப்பும் அவருக்கே.

நந்தவனத்தில் புதிய படம். தாண்டவராயர் கேமராவைக் கல்தூணின்மேல் வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடிவந்து அக்காவின் அருகில் நின்றுகொண்டார். எல்லாரும் நேரே பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். மன்னரின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

“மைத்துனரே, இப்போது எதிரே உண்மையாகவே யாரும் இல்லையே?”

“தெரியும், மன்னரே” என்றார் தாண்டவராயர், உதட்டை அசைக்காமல். “நாளைப் பந்தியில் வைத்தியருக்கும் ஓர் இலை போடச் சொல்லியிருக்கிறேன்.”