யாருடைய சேறு

பூங்கோதைக்கு முப்பத்தாறு வயது. அவளுடைய ஒரே சீடர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு. குரு சீடரை "அண்ணா" என்று கூப்பிடுவாள். சீடர் குருவை "டீச்சர்" என்பார். இதைக் கேட்டு வெள்ளக்குட்டை ஊரே சிரித்தது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், நாம் கதைக்கு வருவோம்.

பூங்கோதை ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். ஆலைக் கழிவிலிருந்து உலோகத்தைப் பிரித்து வினையூக்கி செய்வது அவள் ஆராய்ச்சி. வினையூக்கி என்றால் பயந்துவிட வேண்டாம். தான் தீராமல், கூட இருப்பதை மாற்றிவிடும் பொருள், அவ்வளவுதான். "குப்பையைக் கிளறவா இவ்வளவு படிச்சே?" என்று அங்கே ஒருவர் கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லி, ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். ஊருக்கு வெளியே ஒரு பழைய எண்ணெய் மில் கொட்டகையைப் பிடித்துக்கொண்டாள்.

நாச்சிமுத்து அவளிடம் வந்தது ஒரு சித்திரை மாதம். அதுவரை அவர் தெய்வசிகாமணியின் பிளேட்டிங் பட்டறையில் மேஸ்திரி. இரும்புச் சாமான்களுக்கு நிக்கல் பூசுகிற பட்டறை அது. பூசி முடித்தால் தொட்டியில் பச்சைச் சேறு தங்கும். அந்தச் சேற்றைப் பேரல்களில் அடைத்து ஊர்க் குட்டையின் கரையில் போட்டுவிட்டார்கள். மழை வந்தால் குட்டை நிறையும், நிறைந்தால் சேறு ஊர்க் கிணறுகளுக்குப் போய்விடும். நாச்சிமுத்துவின் கிணறும் அங்கேதான் இருந்தது.

அவர் புகார் கொடுத்தார், வேலை போயிற்று. கோட்டாட்சியர் விசாரித்தார்.

"அந்தப் பேரல் எல்லாம் உங்களுதா?"

"என்னுது இல்லீங்க சார்" என்றார் தெய்வசிகாமணி. "எவனோ கொட்டிட்டுப் போன வெறும் சேறு. அதுல ஒண்ணும் கிடையாது."

"நான்தானுங்க லாரியிலிருந்து இறக்குனேன்" என்றார் நாச்சிமுத்து. "நாப்பத்தொரு பேரல். இவரு சொல்லித்தானுங்க இறக்குனேன்."

"வேலையை விட்டு நிறுத்துன ஆத்திரத்துல பேசறானுங்க. இவன் சுத்த வெளக்கெண்ணெய்ங்க."

பேரலில் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. விசாரணை அன்றோடு முடிந்தது.

நாச்சிமுத்து நேராகப் பூங்கோதையின் கொட்டகைக்கு வந்தார். அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

"டீச்சர், அந்தாளு வாயாலயே அது என்னுதுன்னு சொல்ல வைக்கணும். என்னங்க பண்றது?"

"ஒரு பேரலைக் கொண்டாங்கண்ணா."

"திருடன்னு பட்டம் கட்டிருவானுங்க."

"அவருது இல்லைன்னு அவரே சொல்லிட்டாரு. அதுல ஒண்ணுமில்லைன்னும் சொல்லிட்டாரு. அப்புறம் எதைத் திருடுனீங்கன்னு கேப்பாங்க?"

வண்டி வைத்து ஒரு பேரலைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து அவர் சீடர்.

அவள் விளக்கம் சொல்ல மாட்டாள். செய்துகாட்டுவாள். சேற்றை அமிலத்தில் கரைத்தாள். வேண்டாததை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நிக்கலை மட்டும் சலவைச் சோடா போட்டுப் பால்போலத் திரியவைத்து எடுத்து, காயவைத்து, வறுத்து, ஹைட்ரஜன் ஓட்டிச் சூடாக்கினாள். கடைசியில் ஒரு கைப்பிடி கறுப்புப் பொடி கிடைத்தது. அது எண்ணெய்க்குள் மூழ்கியே இருக்க வேண்டும், மூடியைத் திறந்து வைக்கக் கூடாது என்றாள்.

இரண்டாம் முறை நாச்சிமுத்துவே செய்தார். பொடி எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே மூடியைத் திறந்துவிட்டார். காற்றுப் பட்டதும் பொடி தானாகப் பற்றிக்கொண்டது. இடது புருவம் போயிற்று.

பூங்கோதை மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தாள். அவர் முகத்தைக் கழுவிவிட்டாள்.

"என்னங்கண்ணா, ஒண்ணுமில்லாததா அது?"

வலியோடு வலியாக அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆவணியில் விளக்கெண்ணெயை எஃகுக் கலத்தில் ஊற்றி, ஒரு கரண்டிப் பொடியைக் கலந்து, ஹைட்ரஜனை அழுத்தி ஏற்றிச் சூடாக்கினார்கள். சூடாக வடிகட்டித் தட்டில் ஊற்றி ஆறவைத்தபோது எண்ணெய் வெள்ளை மெழுகாக உறைந்து கிடந்தது. தட்டினால் டொக்கென்றது. வடிகட்டியில் தங்கிய பொடியை அடுத்த எண்ணெயில் போட்டாள். அதுவும் மெழுகானது. அதற்கடுத்ததும் ஆனது.

பாலிஷ் செய்கிற ஒரு கம்பெனி அந்த மெழுகைக் கேட்டு வந்தது. செய்தி ஊருக்குள் போயிற்று. ஊரிலிருந்து பட்டறைக்குப் போக எவ்வளவு நேரமாகும்?

புரட்டாசியில் ஒருநாள் காலை தெய்வசிகாமணியின் கார் கொட்டகை வாசலில் நின்றது. நாச்சிமுத்து இரும்புக் கம்பியோடு எழுந்தார்.

"உக்காருங்கண்ணா" என்றாள் பூங்கோதை. வந்தவருக்கு நாற்காலி போட்டு மோரும் கொடுத்தாள்.

"என்ற சேத்தை எடுத்து நீங்க யாவாரம் பண்றீங்களாம்" என்றார் தெய்வசிகாமணி.

"உங்க சேறுங்களா?"

"பின்ன யாருது? என்ற தொட்டியில வந்தது. அதுல வர்ற பொடியும் என்னுதுதான்."

"தெரியாமப் போச்சுங்க. உங்களுதுன்னா எடுத்துக்கலாம்" என்றாள். பொடி இருந்த டப்பாவை அவர் முன்னால் வைத்தாள். "மூடியை மட்டும் திறந்துடாதீங்க."

அதைச் சொல்லாமல் விட்டிருக்கக் கூடாதா என்று நாச்சிமுத்துவுக்கு இருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க" என்றாள் பூங்கோதை. "கரையில இன்னும் நாப்பது கிடக்குது. விசயம் தெரிஞ்சா நாளைக்கு வேற யாராவது வந்து என்னுதும்பாங்க. உங்களுதுன்னு ஒரு எழுத்து இருந்தா யாரையும் தொட விடமாட்டேன்."

தெய்வசிகாமணி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஆசை முந்திக்கொண்டது. காரிலிருந்து பட்டறை பெயர் அச்சடித்த தாளையும் முத்திரையையும் வரவழைத்தார். எந்தத் தொட்டியில் வந்தது, எந்த வருடம் போட்டது, எல்லாவற்றையும் அக்கறையாக எழுதினார். நாற்பத்தொரு பேரலும் தன்னுடையவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். டப்பாவை எடுத்துக்கொண்டு, நாச்சிமுத்துவின் ஒற்றைப் புருவத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

நாச்சிமுத்து கம்பியைக் கீழே போட்டார்.

"இவனுக்குத் தூக்கிக் கொடுக்கறதுக்குத்தான் இவ்வளவு நாளும் வெந்தமாங்க டீச்சர்?"

அவள் அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தாள்.

"கோட்டாட்சியர் ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்கும்."

நாச்சிமுத்து தாளைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, பேருந்துக்குக்கூடக் காத்திராமல் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுவிசாரணை கொஞ்ச நேரம்தான் நடந்தது.

"இந்தம்மா ஏமாத்தி எழுதி வாங்கிட்டாங்க சார்."

"எழுத்து உங்களுதா?"

"என்னுதுதானுங்க. ஆனா..."

"முத்திரை?"

"என்னுதுதானுங்க."

"அப்ப சேறும் உங்களுதுதான். பத்து நாள்ல ஒரு பேரல் பாக்கியில்லாம எடுத்துட்டுப் போய், உரிமம் இருக்கற இடத்துல ஒப்படைச்சுட்டு ரசீது கொண்டாங்க."

ஒன்பதாம் நாள் லாரிகள் வந்தன. வானம் இருட்டிக்கொண்டு நின்றது. ஊர் மொத்தமும் குட்டைக்கரையில் கூடி வேடிக்கை பார்த்தது. தெய்வசிகாமணி காரை விட்டு இறங்கவில்லை. நாச்சிமுத்து கைகளைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பேரல் ஏறும்போதும் சத்தமாக எண்ணினார். எல்லோருக்கும் கேட்க வேண்டும், காருக்குள்ளே இருப்பவருக்கு முக்கியமாகக் கேட்க வேண்டும். இத்தனை வருடத்தில் அவர் தலை அவ்வளவு நிமிர்ந்து யாரும் பார்த்ததில்லை.

முப்பத்தொன்பதோடு வேலை நின்றது. குட்டைக்குள் சரிந்து கிடந்த கடைசிப் பேரலின் அடி துருப்பிடித்துப் பிளந்திருந்தது. பச்சைச் சேறு கசிந்துகொண்டிருந்தது. லாரியோடு வந்த ஆட்கள் அதைத் தொட மாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

"அவனையே வந்து தூக்கச் சொல்லுங்க" என்றார் நாச்சிமுத்து. அவர் குரலில் அத்தனை ருசி.

பூங்கோதை பேரலின் பிளவைக் குனிந்து பார்த்தாள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "டீச்சர், ஒண்ணு கேக்கணும். கடைசி வரைக்கும் என்னுது இல்லைன்னே அவன் நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

முதல் தூறல் விழுந்தது. பூங்கோதை பையிலிருந்து ரப்பர் கையுறைகளை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இறக்குனவரு நம்மகிட்டத்தானே இருக்காரு" என்றாள். "நாப்பதையும் அவரே ஏத்தியிருப்பாரு."

நாச்சிமுத்து கையுறைகளை வாங்கிக்கொண்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குட்டைக்குள் இறங்கினார்.